கம்பியில் குத்திய கார்டுகள்

வடுகபட்டி மண்டியிலிருந்து
பூண்டு விற்ற கணக்கு கார்டில் வரும்.
"நலம். நலமறிய அவா.
பெரும்பூண்டு நாலு மூட்டை, பொடி இரண்டு.
லாரி வாடகை, கூலி, மகமை போக
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ரூபாய் அறுபது காசு.
அடுத்த லோடு ஈரமில்லாமல் அனுப்பவும்."
கணக்குப்பிள்ளை வெள்ளைக்கண்ணு
நுணுக்கி நுணுக்கி எழுதுவார்,
பதினைந்து காசை முழுசாக வசூல் செய்ய.

பூம்பாறைக்குப் பகல் பஸ்ஸில் தபால் ஏறிவரும்.
மஞ்சு இறங்கிவிட்டால் மறுநாள்.
வீட்டில் வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்.
அஞ்சாங் கிளாஸ், அதுவும் பாதி.
மண்வெட்டியைக் கழுவாமல்
நின்றபடியே அவர் கேட்பார்.
விலை விழுந்தால் விழுந்ததென்றே வாசித்தேன்.
அதில் ஒரு பைசா நான் கூட்டியதில்லை,
குறைத்ததில்லை.

சில மாதம் கார்டின் ஓரத்தில்,
முகவரியை இடித்துக்கொண்டு
ஒரு வரி நிற்கும்:
"தம்பி, அண்ணனைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.
இங்கேதான் சாக்குத் தைக்கிறார்."

மேல்தட்டு நிலம் யாருக்கென்று பேச்சு வந்தபோது
வேலப்பர் கோயில் முன்னால், ஊர் பார்க்க
என் தாலியைச் சொல்லித் திட்டிய கொழுந்தன் தவசி.

வாசித்து முடித்ததும் "வேற?" என்பார்.
"வேற ஒண்ணுமில்ல" என்பேன்.
பிறகு கம்பியில் குத்துவேன்.
நடுவில் குத்துவதுதான் வழக்கம்.
அந்தக் கார்டுகளை மட்டும் ஓரத்தில்,
இடம் பார்த்துக் குத்தினேன்.

எட்டு வருஷம்.
ஒருமுறை, "தம்பிக்கு மஞ்சள் காமாலை."
அதையும் குத்தினேன்.
அடுத்த கார்டின் ஓரம் வெறுமையாக இருந்தது.
அதற்கடுத்ததும்.
இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்,
முகவரிப் பக்கத்தைக்கூட.

போன கார்த்திகையில் ஊருக்கு அறிவொளி வகுப்பு வந்தது.
பூண்டு வாசம் போகாத விரல்களால்
அவர் சிலேட்டுக்குச்சி பிடித்தார்.
ட, ப, ம.
கொடுத்த புத்தகம் போதவில்லை.
கம்பியைக் கழற்றிக் கார்டுகளைக் கொட்டினார்.
"நலம்" உடனே வந்தது.
"மூட்டை"க்கு ஒரு மணி நேரம்.
அப்புறம் ஓரத்துக்கு வந்தார்.
"த."
"ம்."
அங்கே ஓட்டை.
சுற்றிலும் துரு வளையம்.
எழுத்து போய் மேல்விலங்கு மட்டும் மிச்சம்.
"இது என்ன?"
"தம்படி," என்றேன்.
"ஒரு தம்படி பாக்கியில்லைன்னு எழுதியிருக்கான்."
தலையாட்டினார்.
மீதி வரியைத் தொடவில்லை.
விளக்குத் திரியைக் குறைத்தார்.

மறுநாள் சிலேட்டில்
பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொண்டு வந்தார்:
த, ம், ஒரு வட்டம்,
வட்டத்தின் தலையில் விலங்கு.
டீச்சர் பொண்ணு ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.
"ஐயா, இப்படி ஒரு எழுத்தே இல்லையே."
பாய் ஓரத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.
"இருக்கு," என்றார்.
"எங்க வீட்ல கேளு. அவளுக்குத்தான் தெரியும்."