ஐம்பத்து மூன்றாவது வரி

அதிகாலை மூன்றே காலுக்கு விடை வந்தது.
ஷப்பெக்கோவில் மழை.
தீவன ஆலையின் மேல்மாடியில்
க்ளெனிர் பொர்த்தொலீனி காப்பியை மறந்திருந்தாள்.

ஐம்பத்திரண்டு சமனின்மைகள்.
லைசின் இதற்குக் குறையாமல்,
நார் இதற்கு மிகாமல்,
உப்பு அரை விழுக்காட்டைத் தாண்டாமல்,
மாத்தோ க்ரோசோவிலிருந்து வரும் மக்காச்சோள லாரி
சேற்றில் நின்றுபோனால் அதற்கும் ஒரு வரி.
எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஓர் ஆசை:
செலவு குறைக.

பல முகம் கொண்ட வைரத்தின்
விளிம்போடு விளிம்பாக நடந்த இயந்திரம்
ஒரு முனையில் நின்றுவிட்டது.
அங்கிருந்து எந்தப் பக்கம் கால் வைத்தாலும்
காசு கூடும்.

மக்காச்சோளம் பாதியானது. அதன் இடத்தில்
யாரும் வாங்காமல் கிடங்கில் கிடந்த செஞ்சோளம்,
இறகுத்தூள், மரவள்ளித் திப்பி.
கிலோவுக்குப் பதினோரு சென்டாவோ மிச்சம்.
மேலாளர் பாராட்டவில்லை;
லிஃப்டின் கதவை மட்டும்
அவளுக்காகப் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் தொலைபேசி.
வல்தெசீர் ஸனாத்தோ, எண்ணூறு பன்றி,
வணக்கம்கூடச் சொல்லாமல்:
"உங்கள் கணக்கை இதுகள் தின்ன மாட்டேன் என்கின்றன."

போனாள்.
தொட்டியில் வைத்தது வைத்தபடி.
ஒரு பெண்பன்றி மூக்கால் அதைத் தள்ளி,
அடியில் வேறேதும் உண்டா என்று பார்த்து,
பிறகு அவளைப் பார்த்தது.

ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.
நாக்கு சுருண்டது.
கசப்பு இல்லை இது.
சிறுவயதில் பந்தயம் கட்டிக் கடித்த
பழுக்காத சீமைப்பனிச்சை.
துவர்ப்பு.

ஐம்பத்திரண்டு வரிகளில்
எதற்கும் நாக்கு இல்லை.
(உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
உப்பு இருந்தது.
அரை விழுக்காடு, பிசகாமல்.)

துவர்ப்புக்கு என்ன அலகு?
ஆய்வகம் டானின் என்றது, நூற்றுக்கு இத்தனை என்றது.
வல்தெசீர், வாளிக்கு ஒரு கை, அதற்கு மேல் ஆகாது என்றார்.
இரண்டும் ஒத்துவரவில்லை.
சிறியதை எடுத்துக்கொண்டாள்.

மறுபடி ஓட்டினாள்.
வைரத்தில் ஒரு புது வெட்டு.
வெட்டுக்கு அப்பால் போன பழைய முனை
வெறுங்காற்றில் கிடந்தது.

கிலோவுக்கு நாலு சென்டாவோ கூடியது.
"இந்த நாலு எதற்கு?"
திரையை அவர் பக்கம் திருப்பினாள்.
ஒவ்வொரு வரிக்கும் அருகில் ஒரு விலை இருக்கும்,
நிழல் விலை என்று பெயர்:
இந்த வேலியை ஒரு சாண் தள்ளி நட்டால்
என்ன மிஞ்சும் என்பது.
யாரும் முட்டாத வேலிக்குச் சுழியம்.
முப்பத்தொன்பது சுழியங்களைத் தாண்டி
அவர் விரல் கடைசி வரியில் நின்றது.
"விலை அதிகம்" என்றார்.
"ஆமாம்."

ஆகஸ்டில் மக்காச்சோளம் மறுபடி ஏறியது.
இரவுதோறும் விடை வந்து
அந்த ஐம்பத்து மூன்றாவது வரியைத்
தோளால் முட்டிப் பார்த்தது.
வரியோரத்தில், குறிப்பெழுதும் இடத்தில்,
பின்னால் வருபவர் காரணம் தெரியாமல் அழித்துவிடாதிருக்க
அவள் தட்டி வைத்திருந்தது இவ்வளவே:

தின்று பார்த்தேன்.