நானூற்று ஐம்பது

ஒன்பது நாளாக ஒருவருக்கும் ரிப்போர்ட் போகவில்லை என்று
ஜெபக்கனி சொன்னபோது நம்பவில்லை.
வலைத்தளத்தின் பதிவேட்டில் எல்லா வரியும்
'அனுப்பியாச்சு' என்றுதான் முடிந்தது.
வேலம்மாளின் தைராய்டு, அனுப்பியாச்சு.
இசக்கிதுரையின் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியோடு.
பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவரின்
ஏதோ ஒன்று, அதுவும்.

ஹைகிரவுண்டு எதிரே ஆய்வகம்.
மாடியில் எனக்கொரு நாற்காலி. கீழே வரிசை.
"மெயில்ல வரும்னியளே?"
"வரும்யா, மேல பாத்துக்கிட்டிருக்காவ."
அந்த 'காவ' நான்தான்.

ஆடியில் வீடு மாறக் கூடாது.
சர்வர் மாறலாம் என்று நினைத்துவிட்டோம்,
வாடகை கம்மி.
புது எண்ணுக்குப் பழைய பெயரை எழுதிவைக்க
மறந்தது யார் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கருப்புத் திரையில் கையாலேயே பேசிப் பார்த்தேன்.
கடிதம் வாங்கும் பெரிய வீடுகளுக்கு
முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பிறகு பெயர்.
எங்கள் சர்வர் சொன்ன பெயர் லோக்கல்ஹோஸ்ட்.
'நான் இங்கன உள்ள ஆளு' என்று அர்த்தம்.
இங்கன என்றால் எங்கன?
பெயரைக் கேட்டால் எண் வர வேண்டும்,
எண்ணைக் கேட்டால் அதே பெயர்.
ஒத்துப்போகாவிட்டால் வாசலோடு சரி.

அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்
திரும்பி வந்து கிடந்தன.
ஒழுங்காகத்தான் வந்திருந்தன, அனுப்புநர் பெட்டிக்கு.
அனுப்புநர் ஒரு நிரல்.
அதற்குப் படிக்கத் தெரியாது.

ஐந்நூற்று ஐம்பது என்றால் வராதே.
நானூற்று ஐம்பது என்றால் இப்போது வேண்டாம், பிறகு வா.
சர்வர் அதை நம்பும்.
ஐந்து நிமிடம் கழித்துப் போகும், பத்து நிமிடம் கழித்து,
அப்புறம் மணிக்கொரு தரம்,
ஐந்து நாள்.

எனக்கும் ஒரு நானூற்று ஐம்பது தெரியும்.
மாடி காலி என்று கேட்டில் அட்டை தொங்கியது.
பேரு?
மதிவாணி.
ஊரு?
களக்காட்டுப் பக்கம்.
"பக்கம்னா?"
தெக்க.
"தெக்கன்னா, பஸ் ஸ்டாப்புக்கு அங்கிட்டா இங்கிட்டா?"
அங்கிட்டு.
காப்பி வந்தது. அவர்களுக்கு டம்ளர், எனக்குப் பேப்பர் கப்.
"ஆடி முடியட்டும்மா. ஆவணி பொறக்கவும் சொல்லி அனுப்புதோம்."
ஆவணியில் இரண்டு தரம் போனேன், புரட்டாசியில் ஒரு தரம்.
அட்டை அப்படியேதான் தொங்கியது.
ஐந்நூற்று ஐம்பது என்று சொல்லியிருந்தால்
ஆட்டோக் காசாவது மிஞ்சியிருக்கும்.

சர்வருக்கு அவ்வளவு பாடில்லை.
ஒரே வரி: இந்த எண் என் பெயரில் பேசலாம்.
எழுதினேன்.
சர்வர் வாடகைக்குத் தந்தவர்களிடம் சொல்லி
எண்ணுக்குப் பெயர் வைக்கச் சொன்னேன்.
அனுப்புநர் இடத்தில் ஜெபக்கனி வாசிக்கிற முகவரி.
சேதி ஊரெல்லாம் பரவ நேரமாகும்.
கீழே போய் டீ குடித்தேன்.
ஆடிக்காற்றில் பிய்ந்த தட்டியைக்
கடைக்காரர் சணலால் கட்டிக்கொண்டிருந்தார்,
கட்டக் கட்ட அது அவர் முகத்திலேயே அடித்தது.

நாலேகாலுக்கு முதல் இருநூற்று ஐம்பது.
வாங்கிக்கொண்டேன் என்று பொருள்.
இன்னொன்று. இன்னொன்று.
பிறகு திரையை எண்ணுவதை விட்டுவிட்டேன்,
கீழே வரிசையில்
ஒவ்வொரு பையாக ஒலிக்கத் தொடங்கியிருந்தது.

ஒன்று மட்டும் திரும்பியது:
அப்படி ஒருவர் இங்கே இல்லை.
ஜெபக்கனி போனை எடுத்தாள்.
"அய்யா, மெயில் அட்ரஸ்ல எழுத்து மாறிக் கெடக்கு.
எம்மா, எண்ணா?
மெட்ராஸ் எம்மா, நாங்குநேரி எண்ணா?
...
சரிய்யா. நாங்குநேரி எண்ணு.
எழுதிக்கிட்டேன்."