கொண்டை ஊசி

ஒன்பது நாள் சம்பளம், ஏற்காட்டில் ராத்தங்கல் என்று
மேனேஜர் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கே வந்து சொன்னார்.
ஜப்பான்காரி. பாட்டுக்காரியாக இருந்தவள்,
இப்போது நடிக்கிறாள்.
தலைவாரத் தெரிந்த பொம்பளை வேண்டும்.
அதுவரை நான் பின்னியதெல்லாம்
முகூர்த்தத் தலைகள்.

மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினோராவதில் வண்டியை நிறுத்தச் சொல்லி
குரங்குகள் பார்க்க வாந்தி எடுத்தாள்.
நெற்றியைப் பிடித்துக்கொண்டது நான்.
அப்படித்தான் அறிமுகம்.

அவள் பெயர் நட்சுயோ.
கலாவல்லி என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன்,
கராவரி என்றாள்.
சரி, அதற்கும் திரும்பிப் பார்த்தேன்.

விடிகாலை நாலரைக்கு மேக்கப். ஜன்னல் முழுக்கப் பனி.
சீப்பு போகிற போக்கில் அவள் பேசுவாள்,
மெட்ராஸ் நீலமேகம் அரைத் தூக்கத்தில் தமிழாக்குவார்.

பதினாறு வயதில்
காது தெரிய வெட்டி மேடையேற்றினார்களாம்.
அந்த வருஷம் பள்ளிக்கூடப் பெண்கள் பாதிப்பேர்
அதே வெட்டு வெட்டிக்கொண்டார்களாம்.
பத்தொன்பதில் இன்னொருத்தி வந்தாள், நீள முடியோடு.
இவள் இசைத்தட்டு கடையில் தூசி பிடித்தது.
முடி வளர் என்றது கம்பெனி. வளர்த்தாள்.

முதல் படத்தில் வசனமில்லை.
ஆற்றில் மிதக்கும் பிணம்.
தண்ணீரில் முடி அழகாய் விரிந்ததென்று
அடுத்த மூன்று படத்திலும் சாகடித்தார்கள்.
ஐந்தாவதில் பிழைத்தாள்,
அதற்குத்தான் பரிசு.
தோளுக்கு மேல் வெட்டக் கூடாதென்று
ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம்.

சொல்லாதது ஒன்று.
இடது காதுக்குப் பின்னால்
எட்டணா அகலத்துக்கு வழுக்கை,
இழுத்து இழுத்துக் கட்டின இடம்.
நான் பார்த்ததைக் கண்ணாடியில் அவள் பார்த்தாள்.
பின்னலை அந்தப் பக்கம் தழைய விட்டேன்.
நீலமேகத்துக்கு வேலையில்லை.

பகோடா பாயிண்டில் பாட்டு.
மெட்ராஸில் யாரோ பாடி அனுப்பிய குரலுக்கு
அத்தனை தட்டு விற்ற தொண்டை
பதினேழு டேக் சும்மா வாயசைத்தது.

அன்று ராத்திரி
கொண்டையிலிருந்து ஊசிகளை உருவ உருவ
மெல்ல என்னவோ பாடினாள்.
மேடைப் பாட்டோ, சமையலறைப் பாட்டோ, நான் கேட்கவில்லை.
முப்பத்தாறு ஊசி.
கடைசி ஊசியில் நிறுத்திவிட்டாள்.

இறங்குகிற அன்று
தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தேன்.
காரத்தில் மூக்கு சிவக்க, இந்த ரோட்டுக்கு என்ன பெயரென்று கேட்டாள்.
தலையைத் தொட்டுக் காட்டினேன்.
எங்கள் ஊரிலும் இதே பெயர்தான் என்று
சிரித்த சிரிப்பில் வாந்தி வரவில்லை.

படம் வரவில்லை.
பாக்கி மூன்று நாள் சம்பளமும் வரவில்லை.
ஊசி டப்பா மட்டும் என் பையில் இருந்தது,
மறந்தாளா, வைத்தாளா.
குகையிலும் அம்மாபேட்டையிலும்
எத்தனையோ கல்யாணத்து மல்லிகையை அது தாங்கிவிட்டது.
இப்போது இருபத்தொன்பதுதான்.

போன ஆவணியில் மகள் போனில் தேடிக் காட்டினாள்.
ஏதோ நாடகத்தில் நீதிபதி வேஷம்.
நரைத்து, ஒட்ட வெட்டி, காது தெரிய.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வலப்பக்கமிருந்து எடுத்த படம்.