வானம் அல்லாதவை

ஆறரைக்குள் முடித்தாக வேண்டும்.
சூரியன் அழகர்மலை முதுகைத் தாண்டிவிட்டால்
இலை விளிம்பெல்லாம் வெள்ளையாய்க் கரைந்து
கணக்கில் காடு இளைத்துப்போகும்.

முக்காலியை ஊன்றுகிறேன். மார்பு உயரம்.
மட்டக்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
ஒரு காலைத் தளர்த்தி, ஒரு காலை இறுக்கி,
வடக்கு எதுவென்று திசைகாட்டியைக் கேட்டு
லென்ஸ் ஓரத்துச் சிவப்பு நாடாவை
அப்பக்கம் திருப்புகிறேன்.
மீன்கண் லென்ஸ்.
கண்மாயில் மல்லாந்த மீனுக்கு
மேலுலகம் இப்படித்தான் வட்டமாய்,
கரைமரமெல்லாம் உள்ளே சரிந்து
தெரியும் போல.

"படுங்க ஒச்சப்பன்."
வேட்டைத் தடுப்புக் காவலர், வயது இருபத்தாறு,
சம்பளம் மூன்று மாதம் பாக்கி,
காக்கிச் சட்டையோடு சருகில் படுக்கிறார்.
நானும் குந்திக் குனிகிறேன்.
நூற்றெண்பது பாகைக்கும் திறந்த கண் இது.
நின்றால் நாமும் மரம்.

பத்து விநாடி.
சொடுக்கு.
அடுத்த குறியிடம்.

இரவு, மேலூர் விடுதி அறையில்
மின்விசிறிக்குக் கீழே காட்டைப் பிரிக்கிறேன்.
நீலத்தை மட்டும் எடுத்தால்
வானம் வெளுக்கும், இலை கறுக்கும்.
நடுவில் ஓர் எண்ணை நான் சொல்ல வேண்டும்:
நூற்று நாற்பத்தொன்று.
அதற்கு மேலே என்றால் வானம்
கீழே என்றால் இலை.
மூன்றாவதாக ஒன்று
இந்த மென்பொருளுக்குத் தெரியாது.

உசிலையின் பொடியிலை, இலை.
வெக்காலிக் கிளை, இலை.
பட்டுப்போய் நிற்கும் மரம், அதுவும் இலை.
குரங்கின் வால், இலை.
முசுறு எறும்பு தைத்த கூடு, இலை
(அது நியாயம்தான்).

வட்டத்தை வளையம் வளையமாய் வெட்டி
எதில் எத்தனை பங்கு ஓட்டை என்று பார்க்கிறது.
ஐம்பத்தேழரைப் பாகையில் மட்டும் ஒரு சலுகை:
அந்தச் சாய்வில் பார்த்தால்
இலை படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா
என்பது பொருட்டே இல்லை.
முதல்முறை இதைப் படித்தபோது
சமன்பாட்டை விட்டுவிட்டு
சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெகுநேரம்.

சித்திரையில் இதே இடம் பூச்சியம் புள்ளி எட்டு.
கார்த்திகையில் இரண்டு புள்ளி மூன்று ஒன்று.
அதாவது
ஒரு போர்வையளவு மண்ணுக்கு மேலே
இரண்டேகால் போர்வைக்கும் கூடுதலாய் இலை.
ஒன்றன்பின் ஒன்று ஒளிந்த இலைகளை
ஒன்றென்றே கொள்ளும் இந்தக் கணக்கு.
உண்மை எப்போதும் கொஞ்சம் கூட.

ஒச்சப்பனிடம் முன்பு சொன்னபோது சிரித்தார்.
"ஒத்த எலையப் பறிக்காம எண்ணிப்புட்டீகளா?"
எண்ணவில்லை, ஓட்டையைத்தான் அளந்தேன் என்றேன்.
"அப்ப எலைய யாரு பாத்தா?"

பதினேழாம் குறியிடம்.
தென்மேற்கு விளிம்பில் ஒரு கறுப்புப் புடைப்பு,
எந்த மரத்துக்கும் பொருந்தாமல்.
பெரிதாக்கினால் தொப்பி,
தொப்பிக்குக் கீழே ஒரு காது.
எழுந்து நின்றிருக்கிறார்.
மென்பொருள் அவரையும் கூட்டிவிட்டது.

தொலைபேசியில் கேட்டேன்.
"கோடாலிச் சத்தம் மாதிரி இருந்துச்சு மேடம்.
ரெண்டு வெட்டு. அப்புறம் இல்ல.
மத்தியானம் போய்ப் பாத்தேன்,
மேற்குச் சரிவுல ஒரு உசிலை.
அடிக்கட்டை இன்னும் ஈரமா இருக்கு."

மேற்குச் சரிவில் எனக்குக் குறியிடம் இல்லை.
இருந்தாலும்
இந்தக் கண் மேலே மட்டும் பார்ப்பது.
விழுந்தது அதற்குக் கூடுதல் வானம்.

விதிப்படி மனிதரை மறைத்துவிட்டு
மறுபடி கணக்கிட வேண்டும்.
மறைத்தேன்.
இரண்டு புள்ளி இரண்டு ஒன்பது.

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில்
மேகம், காற்று, லென்ஸில் பனித்துளி
என்று எழுதுகிற இடத்தில் எழுதினேன்:
தென்மேற்கில் ஒச்சப்பன்.
கேட்டுக்கொண்டிருக்கிறார்.