கல்லில் ஓர் ஆப்பு

நான் மரத்தச்சன்.
கல்லோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.
ஆனாலும் ஐயாவொளெ வணிகர்கள் ஆள் அனுப்பினார்கள்,
கோயில் எழும்புகிறது,
கூரை எப்படிப் படுக்கும் என்று அங்கே ஒருவனுக்கும் தெரியவில்லை என்று.
கூலி, நாளுக்கு இரு நாழி சோளம்.
போனேன்.

மலப்பிரபை அப்போது கணுக்காலளவு.
அக்கரைக் குன்றில் செம்பாறையைப் பிளந்துகொண்டிருந்தார்கள்:
வரிசையாய்த் துளைகள்,
துளைக்குள் காய்ந்த கட்டை,
கட்டைமேல் தண்ணீர்.
இரவெல்லாம் கட்டை குடித்துக் குடித்து வீங்கும்.
விடியலில் பாறை வாய் திறக்கும்.
பார், மரம்தான் உங்கள் கல்லையும் பிளக்கிறது என்றேன்.
கலிமையன் சிரிக்கவில்லை.

அவன் குகை குடைந்தவன்.
குகையில் கூரை முன்பே இருக்கிறது,
வேண்டாததை எடுத்துவிட்டால் போதும்.
இங்கேயோ வெட்டவெளி.
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
ஒன்றுமில்லாத ஓரிடத்தை
நடுவில் நிற்கவைக்க வேண்டும்.

எங்கள் மன்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.
சாய்ந்த பலகைகள்,
பலகையும் பலகையும் சேரும் இடத்தில்
மழை இறங்காதபடி நீளவாக்கில் ஒரு கழி.
இரண்டு மாதத்தில் அதையே கல்லில் இழைத்துவிட்டான்.
பாவுகல் சாய்ந்தது, பொருத்தின்மேல் கற்கழி படுத்தது.
எனக்குக் கூச்சமாயிருந்தது,
என் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு
வேறொருவன் சந்தைக்கு வந்ததுபோல்.

நடு உத்தரத்துக்குப் பதினொரு முழம் என்றேன்.
அளவு நான் சொன்னதுதான், மறுக்கவில்லை.
வேங்கை தாங்கும். தேக்கு இன்னும் மூன்று முழம் தாங்கும்.
மரம் முதலில் முனகும்,
அப்புறம் வளையும்,
ஓடிப்போக அவகாசம் தரும்.

உச்சிவேளை.
சுண்ணாம்புக் குழிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த பிட்டவ்வெ
காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றி நாலடி நகர்ந்தாள்.
உலர்ந்த பாக்கு உடைகிற சத்தம், அவ்வளவே.
உத்தரம் இரண்டாய்க் கிடந்தது.
அவளுடைய ஈரக் கால்தடம் அதற்கு அடியில்.

அவள் குடத்தை இறக்கவில்லை.
"நடுவில் இன்னொரு தூண் நட்டால்
உங்கள் சாமிக்கு இடம் பற்றாதோ?"
என்று மட்டும் கேட்டுவிட்டு ஆற்றுக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து தூண்கள் நெருங்கி நின்றன.
தூணின் தலையில் இருபக்கமும் கைநீட்டும் போதிகை
கலிமையன் யோசனை.
என்னுடையது என்று சில ஊர்களில் நான் சொல்லியிருக்கிறேன்.
உள்ளே நடந்தால் காட்டில் நடப்பதுபோல் ஆயிற்று.
வணிகர்கள் முகம் சுளித்தார்கள்:
கூட்டம் எங்கே நிற்கும்?
மரங்களுக்கு நடுவே ஆடு எப்படி நிற்கிறதோ அப்படி, என்றான் அவன்.

ஒரு கூப்பிடு தூரத்தில் இன்னொரு கூட்டம்
பின்சுவரை யானையின் பிட்டம்போல் வளைத்துக்கொண்டிருந்தது.
அதற்கும் அப்பால், வடக்கிலிருந்து வந்த ஒருவன்
கூரைமேல் வளைந்தேறும் ஒரு குவியலை
ஏற்றுவதும் இறக்குவதுமாய் இருந்தான்.
எது கோயில் என்று
அந்த வருஷம் யாருக்கும் தெரியாது.

முதல் மழை இரவில் வந்தது.
எல்லோரும் உள்ளே குந்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.
வடமேற்கு மூலையில் ஒரே ஒரு சொட்டு.
இருநூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டோம்.
சூரியனா சிவனா என்று வணிகர்கள் இன்னும் முடிவு செய்யாததால்
கருவறை காலி.
அதில் யாருடைய ஆடோ குட்டி போட்டிருந்தது.

பந்தத்தை உயர்த்தியபோதுதான் கண்டேன்:
உத்தர முனையில் சதுரமாய் ஓர் ஆப்புத்தலை.
கல்லிலேயே செதுக்கியது.
பின்னால் துளையில்லை, எதையும் இறுக்கவில்லை.
"இது எதற்கு?"
கலிமையன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்:
"இல்லாவிட்டால் கண்ணுக்குப் பயமாயிருக்கும்."

பழக்கதோஷம்.
கொட்டாப்புளியை எடுத்து அதன் தலையில்
இருமுறை மெல்லத் தட்டினேன்.
இறுகத்தான் இருந்தது.