ஈரக் கொப்பரை

பிப்ரவரிப் பௌர்ணமியில்
கடல் கேளாமல் உள்ளே வந்து
எங்கள் கிழங்குக் குழியில் இரண்டு நாள் தங்கிப் போனது.
பதினோரு ஆண்டு வளர்ந்த பபாய்,
என் மகன் உயரத்துக்கு இலை,
வாரக் கடைசியில் தேநீர் நிறம்.
மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
வெகுநேரம் துப்பினேன்.

மனியபாவின் கூரையடியில் ஊர் கூடியது.
அரசாங்கப் படகில் வந்த பெண்
வரைபடத்தை விரித்தாள்.
நீலம் எங்கெல்லாம் ஏறும் என்றாள்.
கைத்தாரா எழுந்தார்:
"இனி வெள்ளம் வராது என்றவர் வாக்கு மாறாதவர்.
வானத்தில் வில் இருக்க
உன் காகிதம் எதற்கு? சுருட்டு, மகளே."
ஆமென் என்றோம்.
என் ஆமென்தான் அங்கே உரத்தது,
வாயில் இன்னும் அந்த உப்போடு.

அபையாங்கில் கொப்பரைத் தராசு என் பொறுப்பு.
பதினாறு வருடத்தில் ஒன்று கற்றேன்:
காயாத கொப்பரை எடை கூடக் காட்டும்.
மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டை ஒடிப்பேன்.
டக்கென்று முறிந்தால் சீட்டு.
வளைந்தால், வெயிலுக்குத் திரும்பு.

அன்றிரவு சூரிய விளக்கின் கீழ்
அந்தப் பக்கத்தை ஒடித்துப் பார்த்தேன்.

எங்கள் குழி அதில் இல்லை.
வாக்கு உயிருள்ள யாவுக்கும்:
காக்கைக்கு, புறாவுக்கு,
பேழையின் இருட்டில் மூச்சுவிட்ட அத்தனைக்கும்.
பூமி முழுவதும் அழியாது என்றிருந்தது.
அபையாங்கின் தென்முனை நனையாது என்று
எந்த வரியிலும் இல்லை.
கைத்தாராவின் பேச்சு
கையில் வளைந்தது.

மூடிவைத்தேன். ஒன்பது நாள்.
ஜெபத்தில் உதடு மட்டும் அசைந்தது.
மீன் கழுவும்போதெல்லாம் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியாமல்.

பத்தாம் நாள் திறந்தது பக்தியால் என்று சொல்லமாட்டேன்.
கணக்கு நேராகாமல்
பேரேட்டை மூட எனக்கு வராது.

மேலே படித்தேன்.
இந்தத் தேசமெல்லாம் உன் சந்ததிக்கு என்று கேட்டவன்,
மனைவி இறந்த அன்று
புதைக்க ஓரடி மண் இல்லாமல் நின்றான்.
குகை ஒன்றை விலைக்கு வாங்கினான்.
வெள்ளியை நிறுத்துக் கொடுத்தானாம்.
நிறுத்து.
என் விரல் அங்கேயே நின்றது.
அவ்வளவு பெரிய வாக்கு,
கைக்கு வந்தது ஒரு கல்லறை அளவு.
ஏமாந்தவனின் முகத்தை
அந்தப் பக்கங்களில் தேடினேன்,
விளக்கு மங்கும்வரை.
கிடைக்கவில்லை.

திரும்பவும் வில்லுக்கு வந்தேன்.
நாலு முறை வழுக்கிப்போன சொல்
ஐந்தாம் முறை மீன்முள்ளாய்த் தைத்தது.
அதைப் பார்ப்பது நாம் என்றல்லவா இருந்தேன்!
அவர் பார்ப்பாராம்.
பார்த்து நினைவுகூர்வாராம்.
மறக்கக்கூடாததற்கு
நான் லாவாலாவா முனையில்
முடிச்சுப் போடுவேனே,
அதுபோல.

ஆக, இத்தனை காலம் நான் சுமந்ததில் பாதி
வாக்கின்மேல் நாங்களே ஊற்றிய தண்ணீர்.
காய்ந்தபின் எடை குறைவுதான்.
எண்ணெய் அதில்தான் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில்
"வரைபடத்தை விரி" என்றேன்.
கைத்தாரா இன்னும் என்னோடு பேசுவதில்லை.
அவர் மருமகன் மட்டும்
சுவருக்குக் கல் சுமக்க வருகிறான், இருட்டியபின்.
டீசல் பீப்பாயை அறுத்து
சருகும் தழையும் நிரப்பி
நாலு கன்று வைத்திருக்கிறேன்.
இரண்டு பிழைக்கலாம்.
அதுகூட எனக்கு வாக்களிக்கப்படவில்லை.
ஆனாலும் நட்ட இரவு
நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை மழை விட்டதும்
காயலுக்குக் குறுக்கே வில்.
"அம்மா, மேலே பார்!"
தெக்கானே கத்துகிறான்.
பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார்.
பதினெட்டு மூட்டை வரிசையில் நிற்கிறது.
கைவிட்டு ஒரு துண்டை எடுத்தேன்.
டக்.