இணைப்பு ஏழு

மஞ்சக்குப்பம், ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடிக் கூடம்.
ஐந்தாண்டுக்கு ஒருமுறை
சட்டமன்றக் குழு வந்து உட்கார்ந்து
மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்கும்:
நீ இன்னும் இருக்கத்தான் வேண்டுமா?

நான் எதையும் கேட்பதில்லை.
சுருக்கெழுத்தில் எடுப்பதோடு சரி.
இருமலை விட்டுவிடுவேன்.
சிரிப்பை அடைப்புக்குறிக்குள் போடுவேன்.

கரண்ட் போய்விடக் கூடாதென்று
வேப்பமரத்தடியில் ஒரு ஜெனரேட்டர் வண்டி
காலையிலிருந்தே உறுமிக்கொண்டிருந்தது.
கரண்ட் போகவில்லை. ஆனாலும் உறுமியது.

ஆணையச் செயலாளர் வாசித்தார்:
பெறப்பட்ட மனுக்கள், பைசல் செய்த மனுக்கள்,
நாளிதழ்களில் முறைப்படி வெளியிட்ட அறிவிப்புகள்.
"கட்டண உயர்வுக்கு ஆட்சேபணை?" என்றார் தலைவர்.
"இந்த மாவட்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை ஐயா."

ஐஸ் ஃபேக்டரி தணிகாசலம் பேச வேண்டிய நேரம்.
அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.
கடைசி வரிசையில்
சோனாங்குப்பம் அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள்.
பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"பார் நூத்தி முப்பதுக்கு வித்தது
ராவோட ராவா நூத்தி எழுவது.
ஏன்னு கேட்டா, கரண்டுன்றாரு இவரு.
கரண்டு ஏறப்போவுதுன்னு எனக்கு யாரு சொன்னது தெரியுமா?
இந்தா, இந்தக் காயிதம்.
கவலை சுத்திக் குடுக்க எடுத்த காயிதம்.
ஐஸ் ஒடைக்கிற பையன் படிச்சுக் காட்டுனான்.
ஆட்சேபம் சொல்ல முப்பது நாளு போட்டிருக்கு.
மீனாண்ட வர்றப்பவே அதுக்கு நாப்பது நாளு வயசு."

(சிரிப்பு)

"அதனால ஆணையத்தைக் கலைச்சிடலாங்கிறியாம்மா?"
"கலைச்சா ஐஸ் வெல எறங்குமா?"

பதில் சொல்பவர் பெயருக்கு
ஒரு வரி இடம் விட்டேன்.
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள்
தட்டச்சுப் படியைத் திருத்திய சார்புச் செயலாளர்
'கவலை'யைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்:
உணர்ச்சிச் சொற்கள் வேண்டாம், நீக்குக.

மீன் சார், என்றேன்.
அவர் தருமபுரிக்காரர். யோசித்தார்.
"அப்ப மத்தின்னு போடுங்களேன்."
போடவில்லை. அவள் மத்தி என்று சொல்லவில்லை.

குழுவின் பரிந்துரை ஒரே வரி: ஆணையம் தொடரலாம்.
அதன்கீழ் இணைப்புகள்.
ஏழாவது,
ஈரம் குடித்துக் காய்ந்த நாளிதழ்த் தாள், பக்கம் ஒன்பது.
அறிவிப்பின் மேல், கடைசித் தேதிக்குப் பக்கத்தில்
இரண்டு செதில்.
அவற்றில் படாமல்
குண்டூசி குத்தினேன்.